கடல்பனி வரைபடம்: நேர்ஸ் நீரிணையில் ஒரு முழுப் பயிற்சி

இந்த அத்தியாயத்தில் ஒரு கடல்பனி வரைபடத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நாமே தயாரிக்கப்போகிறோம். தேவையான தரவுகள் அனைத்தும் இலவசமாகக் கிடைப்பவை. மென்பொருளுக்கும் செலவில்லை: ஐரோப்பிய விண்வெளி முகமை வழங்கும் ஸ்நாப், வரைபடம் வரைய க்யூஜிஐஎஸ், இவை இரண்டும் போதும்.

வேலையில் இறங்குமுன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தச் செயற்கைக்கோளும் பனியை நேரடியாக அளப்பதில்லை. ஒன்று கடற்பரப்பு உமிழும் நுண்ணலையை அளக்கிறது. இன்னொன்று தெறித்து வரும் சூரிய ஒளியை அளக்கிறது. மற்றொன்று தானே அனுப்பிய ரேடார் அலை திரும்பி வரும் வலிமையை அளக்கிறது. ‘இது பனி, இது நீர்’ என்று தீர்ப்புச் சொல்வது நாம்தான். ஆகவே, வரைபடத்தில் நாம் போடும் ஒவ்வொரு கோட்டுக்கும் குறைந்தது இரண்டு சான்றுகள் வேண்டும். சான்று போதாத இடத்தில், போதவில்லை என்பதை வரைபடத்திலேயே எழுதிவிட வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க இதே ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறோம்.

1. முதலில் கேள்வி, பிறகு செயற்கைக்கோள்

வரைபடம் யாருக்கு? இதை முடிவு செய்யாமல் தரவிறக்கத் தொடங்கினால் வட்டு நிறையுமே தவிர வேலை நடக்காது.

பனி கடந்த பல ஆண்டுகளில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்பவருக்கு நீண்டகாலத் தொடர்ச்சி முக்கியம். நுட்பமான விவரம் அவருக்குத் தேவையில்லை. அவருக்கு உரியது செயல்படா நுண்ணலை உணரி. 1978 அக்டோபரில் ஏவப்பட்ட நிம்பஸ்-7 முதல் இன்றுவரை அந்தப் பதிவு தொடர்கிறது. 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் பனி சுமார் 34 லட்சம் சதுர கி.மீ. அளவுக்குச் சுருங்கியதும், 2023 பிப்ரவரியில் அண்டார்க்டிக் பனி 18 லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியதும் இந்தப் பதிவிலிருந்து தெரியவந்தவைதான்.

கப்பலோட்டிக்கும், பனிமேல் நாய்ச்சறுக்கு வண்டியில் வேட்டைக்குப் போகிறவருக்கும் வேண்டியது வேறு. இன்று, இந்த விரிகுடாவில், எந்தப் பக்கம் பிளவு என்பதே அவர்கள் கேள்வி. அதற்கு ரேடார் படம் வேண்டும். பனி எவ்வளவு தடிமன் என்று கேட்பவருக்கு உயரமானி வேண்டும். ஒரே உணரி மூவருக்கும் விடை சொல்லாது.

2. பயிற்சிக்களம்

நாம் எடுத்துக்கொள்ளும் இடம் நேர்ஸ் நீரிணை. கிரீன்லாந்துக்கும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் நடுவே சுமார் 500 கி.மீ. நீளத்துக்கு ஓடுகிறது. கென்னடி கால்வாய்ப் பகுதியில் அதன் அகலம் ஏறத்தாழ 30 கி.மீ. மட்டுமே. ஆர்க்டிக் பெருங்கடலின் பழைய, தடித்த பனி தெற்கே வெளியேறும் வாசல்களில் இதுவும் ஒன்று.

பெரும்பாலான குளிர்காலங்களில் இங்கே பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று நெருக்கி, இரு கரைகளிலும் முட்டுக்கொடுத்து, வில்வடிவில் உறைந்து நின்றுவிடுகின்றன. இதைப் பனிவளைவு என்கிறோம். வளைவுக்கு வடக்கே பனி அசைவற்று நிற்கும். தெற்கே, காற்று பனியைத் தள்ளிக்கொண்டு போக, வடக்கிலிருந்து புதுப் பனி வந்து சேராததால் கடல் திறந்தோ மெல்லிய பனியுடனோ கிடக்கும். அப்படி உருவாகும் நீர்ப்பரப்புதான் வடநீர் பாலின்யா. வால்ரஸ், நார்வால், லட்சக்கணக்கான கடற்பறவைகள் என்று ஒரு பெரிய உயிர்க்கூட்டம் அதை நம்பி வாழ்கிறது. கானாக், சியோராபாலுக் போன்ற ஊர்களின் வேட்டையர்களும் அதையே நம்பியிருக்கிறார்கள்.

2007-ல் வளைவு உருவாகவே இல்லை. பழைய பனி ஆண்டு முழுவதும் தெற்கே கொட்டிக்கொண்டிருந்தது. ஆகவே ‘வளைவு நிற்கிறதா, எங்கே நிற்கிறது, அதன் தெற்கே நிலைமை என்ன?’ என்பதே நம் வரைபடம் விடை சொல்ல வேண்டிய கேள்வி. காலம்: மார்ச் மாதத்தின் ஒரு வாரம்.

3. முதல் அடுக்கு: நுண்ணலை

ஜப்பானின் ஜிகாம்-டபிள்யூ செயற்கைக்கோளில் இருக்கும் ஆம்சர்-2 உணரியின் பனிச்செறிவுக் கோப்பை முதலில் இறக்குங்கள். ஜெர்மனியின் பிரேமன் பல்கலைக்கழகம் இதை நாள்தோறும் 6.25 கி.மீ. கட்டங்களில் வெளியிடுகிறது.

இது எப்படிக் கணக்கிடப்படுகிறது? 89 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கடற்பரப்பு உமிழும் கதிர்வீச்சைச் செங்குத்துத் தளத்திலும் கிடைத்தளத்திலும் தனித்தனியே அளக்கிறார்கள். திறந்த நீரில் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கும். பனியில் வேறுபாடு சிறிது. வேறுபாடு 47 கெல்வின் என்றால் செறிவு சுழியம், 11.7 கெல்வின் என்றால் நூறு சதவீதம். இடைப்பட்ட மதிப்புகளுக்கு ஒரு மூன்றாம்படிச் சமன்பாடு. இந்தக் கணக்குக்குச் சூரிய ஒளி தேவையில்லை. துருவ இரவிலும் நடக்கும். மேகமும் பெரும்பாலும் தடையில்லை. ஆனால் 89 கிகாஹெர்ட்ஸ் மற்ற அலைவரிசைகளைவிட மேகத்தின் நீர்த்துளிகளுக்கு அதிகம் மசியும். எனவே குறைந்த அலைவரிசைகளை வைத்து வானிலை வடிகட்டி ஒன்றையும் போடுகிறார்கள்.

இங்கே இரண்டு அளவுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 25 கி.மீ. கட்டம் ஒன்றின் பரப்பு 625 சதுர கி.மீ. அதில் செறிவு 60 சதவீதம் என்றால் பனியின் பரப்பு 375 சதுர கி.மீ.; ஆனால் பனியின் விரிவு என்ற கணக்கில் 625-ம் முழுதாகச் சேரும். 15 சதவீதத்துக்குக் கீழே போனால் விரிவுக் கணக்கில் அந்தக் கட்டமே இல்லை. செய்திகளில் வரும் பெரும்பாலான எண்கள் விரிவைக் குறிப்பவை. உங்கள் அறிக்கையில் எது என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

இனி நேர்ஸ் நீரிணையைப் பாருங்கள். 25 கி.மீ. கட்டத்தில் கென்னடி கால்வாய் ஒரே ஒரு கட்டம்தான். 6.25 கி.மீ. கட்டத்திலும் குறுக்கே நாலைந்துதான் தேறும். கரையோரக் கட்டங்களில் நிலத்தின் கதிர்வீச்சும் கலந்துவிடும். நிலம் பனியைப் போலவே காட்டும் என்பதால் இல்லாத பனி கரையோரம் முளைக்கும். மெல்லிய புதுப் பனி இருந்தால் செறிவு குறைவாகக் காட்டும். கோடையில் பனிமேல் உருகுநீர் தேங்கினால் அதையும் திறந்த நீராகவே உணரி எடுத்துக்கொள்ளும்.

ஆகவே இந்த அடுக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது ஒன்றே: பாலின்யா ஏறத்தாழ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. வளைவின் விளிம்பை இதை நம்பி வரையாதீர்கள்.

4. இரண்டாம் அடுக்கு: ஒளிப்படம்

78 பாகை வடக்கில் துருவ இரவு பிப்ரவரியில் முடிகிறது. மார்ச்சில் சூரியன் தாழ்வாக இருந்தாலும் மோடிஸ், வீர்ஸ் உணரிகளின் படங்கள் கிடைக்கும். நாசாவின் வேர்ல்ட்வியூவில் நாளைத் தேர்ந்தெடுத்து, மோடிஸின் 7-2-1 அலைவரிசைக் கலவையைத் திறங்கள். பனி குறுகிய அகச்சிவப்பை உறிஞ்சுவதால் நீலப்பச்சையாகத் தெரியும்; நீர்த்துளி மேகம் வெள்ளையாக நிற்கும்; திறந்த நீர் கறுப்பு.

ஒரு பொறி உண்டு. உயரத்தில் மிதக்கும் மெல்லிய மேகங்கள் பனிப்படிகங்களால் ஆனவை. அவையும் நீலப்பச்சையாகவே தெரியும். அதனால் ஒரே படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். துருவத்துக்கு அருகே ஒரே நாளில் பல தடவை கடந்து போவது இந்தச் செயற்கைக்கோள்களுக்கு வழக்கம். சில மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். மேகம் நகர்ந்திருக்கும், வளைவு அங்கேயே இருக்கும். தாழ்ந்த சூரியனால் மேகத்துக்கு நீண்ட நிழலும் விழும். நிழலைக் கண்டால் அது பனிவிளிம்பு அன்று.

5. மூன்றாம் அடுக்கு: ரேடார்

விளிம்பைத் தீர்மானிப்பது சென்டினல்-1 ரேடார்தான். அது அனுப்புவது சுமார் 5.5 செ.மீ. அலைநீளம் கொண்ட சி-பட்டை அலை. இருள், மேகம் இரண்டும் தடையில்லை. துருவக் கடல்களுக்கு அது பயன்படுத்தும் மிகு அகலப் பாங்கில் ஒரு படத்தின் அகலம் 400 கி.மீ.; பிக்சல் இடைவெளி 40 மீட்டர். கோப்பர்நிகஸ் தரவுத்தளத்தில் கணக்குத் திறந்து, இரட்டைத் தளவிளைவுள்ள கோப்புகளைத் தேடி எடுங்கள்: கிடைத்தளத்தில் அனுப்பிய அலையைக் கிடைத்தளத்திலேயே பெறுவது ஹெச்ஹெச், செங்குத்துத் தளத்தில் பெறுவது ஹெச்வி. ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் ஒரே இடத்தைக் காட்டும் இரண்டு கோப்புகள் வேண்டும். ஏன் இரண்டு என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

ஸ்நாப்பில் செய்ய வேண்டியவை, இதே வரிசையில்:

அ. துல்லியமான சுற்றுப்பாதைக் கோப்பைச் சேருங்கள். 

ஆ. வெப்ப இரைச்சலை நீக்குங்கள். ஹெச்வி படத்துக்கு இது கட்டாயம். படம் ஐந்து துணைப்பட்டைகளால் ஆனது. ஹெச்வி எதிரொலி பலவீனமானது என்பதால், இரைச்சலை நீக்காவிட்டால் பட்டைகளின் எல்லைகள் செங்குத்துக் கோடுகளாகத் தெரியும். அவற்றைப் பனிவிளிம்பு என்று நினைத்து வரைந்துவிட வாய்ப்பு அதிகம். நீக்கிய பிறகும் மிச்சம் கொஞ்சம் இருக்கும். நேர்க்கோடாக, படத்தின் ஓரத்துக்கு இணையாக ஓடும் எதையும் சந்தேகியுங்கள்.

இ. பின்சிதறல் மதிப்பாக அளவைத்திருத்தம் செய்யுங்கள்.

ஈ. புள்ளி இரைச்சலைக் குறையுங்கள். ரேடார் படம் ரவை தூவியதுபோல் பொரிப்பொரியாக இருப்பது இயல்பு. ஐந்துக்கு ஐந்து சாளர லீ வடிகட்டி போதுமானது. சாளரத்தை இன்னும் பெரிதாக்கினால் ஒரு கி.மீ.க்கும் குறைந்த பிளவுகள் மங்கிப் போகும்.

உ. டெசிபெல்லுக்கு மாற்றி, துருவ ஸ்டீரியோகிராஃபிக் எறியத்தில் வைத்துச் சேமியுங்கள்.

இப்போது படத்தைப் படிக்கும் வேலை. நிதானம் இங்கேதான் தேவை. குளிர்காலத்தில் பல்லாண்டுப் பனி இரண்டு படங்களிலும் பளிச்சென்று தெரியும். அதன் மேலடுக்கில் உப்பு வடிந்து காற்றுக்குமிழிகள் நிறைந்திருப்பதால், அலை உள்ளே நுழைந்து பல பக்கமும் சிதறித் திரும்புகிறது. சமதளமான முதலாண்டுப் பனி இருண்டிருக்கும். அதில் பாளங்கள் மோதி எழுந்த முகடுகள் ஒளிக்கோடுகளாக ஓடும். அமைதியான நீரில் அப்போதுதான் உறைந்த மெல்லிய பனி கன்னங்கறுப்பு. சில நாள் கழித்து அதன்மேல் உறைபனிப்பூக்கள் முளைத்தால் அதே பனி திடீரென்று வெளுத்துவிடும்.

குழப்பம் மிகுவது நீரில்தான். காற்றில்லாத நீர் மெல்லிய பனியைப் போலவே கறுப்பு. காற்றடித்து அலையெழும்பிய நீர் ஹெச்ஹெச் படத்தில் பழைய பனியைப் போல் பளிச்சிடும். அப்போது ஹெச்வி படத்தைத் திறங்கள்: நீர் அங்கே இருண்டே இருக்கும், பழைய பனி ஒளிரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பிழைகளில் பெரும்பகுதி தானே விலகும்.

படுகோணத்தையும் கவனியுங்கள். படத்தின் ஒரு ஓரத்தில் அலை சுமார் 19 பாகையிலும் மறு ஓரத்தில் சுமார் 47 பாகையிலும் விழுகிறது. ஒரே வகைப் பனியாக இருந்தாலும் கோணம் கூடக்கூட எதிரொலி குறையும். ஆகவே ‘இத்தனை டெசிபெல்லுக்கு மேல் பழைய பனி’ என்று படம் முழுவதற்கும் ஒரே வரம்பு வைக்காதீர்கள். இன்னொன்று: உருகுகாலத்தில் பனிமேல் கிடக்கும் ஈரம் எல்லா வகைப் பனியையும் ஒன்றுபோல் ஆக்கிவிடும். மார்ச்சில் கற்ற பாடத்தை ஜூலைப் படத்தில் அப்படியே பொருத்தக் கூடாது.

6. நிற்கிறதா, நகர்கிறதா?

இனி அந்த இரண்டாவது கோப்பு. இரண்டையும் ஒரே எறியத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலுள்ளதை அணைத்து அணைத்துப் பாருங்கள். முகடுகள், பாளங்களின் முனைகள் என்று அடையாளம் தெரிந்த இருபது புள்ளிகளையாவது குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு படத்திலும் ஒரே ஆயத்தொலைவில் இருப்பவை நிலைத்த பனி. இடம் மாறியவை மிதக்கும் பனி. ஒரு பாளம் ஒரு நாளில் 10 கி.மீ. நகர்ந்திருந்தால் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 12 செ.மீ.

நிலைத்த புள்ளிகளுக்கும் நகர்ந்த புள்ளிகளுக்கும் இடையே ஒரு வில்வடிவ எல்லை தானாகவே தெளிவாகும். அதுதான் பனிவளைவு. பளபளப்பை வைத்து வரைந்த கோட்டைவிட, அசைவை வைத்து வரைந்த இந்தக் கோட்டுக்கு நம்பகம் அதிகம். காரணம் எளிது: வெளிச்சம் காற்றாலும் கோணத்தாலும் மாறும், மூன்று முகடுகள் சேர்ந்தாற்போல் ஒரே திசையில் ஒரே தூரம் நகர்ந்ததாகக் காட்டும் பிழை எளிதில் நேராது.

அசைவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று. 2013 டிசம்பர் 24 அன்று அண்டார்க்டிகாவின் காமன்வெல்த் விரிகுடா அருகே அகாதெமிக் ஷோகால்ஸ்கி என்ற கப்பல் சிக்கியது. பலத்த காற்று பனியைக் கரைப்பக்கம் தள்ளி அடைத்துவிட்டது. உதவிக்கு வந்த சீனக் கப்பலான ஷுவெலாங்கும் பனியில் மாட்டிக்கொண்டது. அதன் ஹெலிகாப்டர்தான் 2014 ஜனவரி 2 அன்று 52 பேரை மீட்டது. சில நாளில் காற்று திசை மாறியதும் இரண்டு கப்பல்களும் வெளியேறின. பனி உருகியதால் கிடைத்த வழி அன்று அது, நகர்ந்ததால் கிடைத்தது. நேற்றைய செறிவுப் படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இன்றைய காற்றுக்கு முன் பழையதாகிவிடும்.

7. தடிமன் பற்றி ஓர் எச்சரிக்கை

கிரையோசாட்-2 ரேடாரும் ஐஸ்சாட்-2 லேசரும் பனி நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதை அளக்கின்றன. கடல்நீரின் அடர்த்தி 1025, பனியின் அடர்த்தி 915 என்று வைத்தால், மேல்பொழிந்த வெண்பனியே இல்லாத நிலையில், தெரியும் உயரத்தை 9.3 ஆல் பெருக்கினால் தடிமன் கிடைக்கும். 30 செ.மீ. உயரம் என்றால் தடிமன் சுமார் 2.8 மீட்டர். உயரத்தில் 5 செ.மீ. பிழை வந்தால் தடிமனில் ஏறத்தாழ 46 செ.மீ. பிழை. நடைமுறையில் வெண்பனி இல்லாமல் இருக்காது. லேசர் அதன் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பும். ரேடாரோ அதை ஊடுருவிப் பனிப்பரப்புவரை போகிறது என்று கணக்கில் கொள்கிறார்கள். ஒற்றைத் தடத்தின் அளவீட்டை வைத்து ‘இங்கே நடக்கலாம்’ என்று யாருக்கும் சொல்லாதீர்கள்.

8. வரைபடத்தை முடித்தல்

க்யூஜிஐஎஸ்ஸில் வடக்குத் துருவ ஸ்டீரியோகிராஃபிக் எறியத்தை, ஈபிஎஸ்ஜி 3413-ஐ, வையுங்கள். அதன் மைய நெடுவரை 45 பாகை மேற்கு என்பதால் கிரீன்லாந்து நேராக நிற்கும். ஆனால் இந்த எறியம் வடிவத்தைக் காக்குமே தவிரப் பரப்பைக் காக்காது. பாலின்யாவின் பரப்பைக் கணக்கிடும்போது சமபரப்பு எறியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நிறங்களைச் சொந்தமாகக் கண்டுபிடிக்காதீர்கள். உலக வானிலை அமைப்பின் வழக்கம் இருக்கிறது: பத்தில் 1 முதல் 3 பங்கு பனி பச்சை, 4 முதல் 6 மஞ்சள், 7, 8 ஆரஞ்சு, 9, 10 சிவப்பு, நிலைத்த பனி சாம்பல். கப்பலில் இருப்பவர் கண் இந்த நிறங்களுக்குப் பழகியது.

ஒவ்வொரு பலகோணத்துக்கும் நான்கு விவரங்கள் எழுதுங்கள்: செறிவு, பனிவகை, எந்தப் படத்தை வைத்து வரைந்தோம், எவ்வளவு நம்பலாம். கடைசி விவரத்துக்கு மூன்று தரம் போதும். ரேடாரும் ஒளிப்படமும் ஒத்துப்போனால் உயர்வு. ஒன்று மட்டும் சொன்னால் நடுத்தரம். இரண்டும் முரண்பட்டால் தாழ்வு. அந்தப் பகுதிக்குக் கோடிட்ட நிரப்பு. படம் எடுத்த நேரத்தை உலகப் பொதுநேரத்தில், நிமிடம்வரை, தலைப்புக்குக் கீழேயே பெரிய எழுத்தில் போடுங்கள். மூலையில் சிறிதாகப் போடுவது போடாததற்குச் சமம்.

9. ஒப்படைக்குமுன் சரிபார்க்க

- கரையோரக் கட்டங்களில் நிலத்தின் கலப்பை நீக்கினோமா?
- பட்டை எல்லை எதுவும் பனிவிளிம்பாக நுழைந்துவிட்டதா?
- ஹெச்ஹெச்சில் ஒளிர்ந்த ஒவ்வொரு பகுதியையும் ஹெச்வியில் பார்த்தோமா?
- வளைவின் கோடு அசைவுச் சான்றில் நிற்கிறதா?
- எண்கள் விரிவா, பரப்பா என்று எழுதினோமா?
- நேரமும் நம்பகத் தரமும் கண்ணில் படும் இடத்தில் உள்ளனவா?

பயிற்சிகள்

முதலாவது: இதே நீரிணைக்கு ஜூலைப் படங்களை எடுத்து மறுபடி செய்யுங்கள். ஈரப்பனி எந்தெந்தப் படியைச் செல்லாததாக்குகிறது என்று குறிப்பெழுதுங்கள்.

இரண்டாவது: கிழக்கு அண்டார்க்டிகாவின் லார்ஸ்மன் குன்றுகளில் நம் பாரதி ஆய்வுநிலையம் 2012 முதல் இயங்குகிறது. அதற்குப் பொருள்கொண்டு போகும் கப்பல் கோடையில் கரையொட்டிய நிலைத்த பனியை எதிர்கொள்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தப் பனியின் விளிம்பை மாதம் ஒருமுறை வரையுங்கள். தெற்கில் ஈபிஎஸ்ஜி 3031 எறியத்தைப் பயன்படுத்துங்கள். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஏவிய நைசாரின் 24 செ.மீ. எல்-பட்டைத் தரவு கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட அலை முகடுகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும். நைசார் இடப்புறமாகவே பார்ப்பதால் அண்டார்க்டிகாவை நன்கு அலசும். வடக்கே சுமார் 77.5 பாகைக்கு மேல் எட்டாது என்பதால் நேர்ஸ் நீரிணைக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாவது: உங்கள் மார்ச் வரைபடத்தை அமெரிக்க தேசியப் பனி மையத்தின் ஆர்க்டிக் பனிப்படத்தோடு ஒப்பிடுங்கள். கோடுகள் வேறுபடும் இடங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடுங்கள்: நேர வித்தியாசமா, பிரிதிறன் வித்தியாசமா, உங்கள் வாசிப்பில் பிழையா? காரணம் கிடைக்காத இடங்களுக்கு நம்பகத் தரத்தைத் தாழ்வு என்று மாற்றி, வரைபடத்தை மறுபடி வெளியிடுங்கள். இந்தக் கோட்டை நம்பிப் பனிமேல் கால் வைப்பவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நாம் கொடுக்க வேண்டியது நமக்குத் தெரிந்ததும், அது எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதும்.